மூன்று மஞ்சள் முக்கோணங்கள்

செங்காட்டுப்பாளையத்தில் எட்டுப் பெண்களின் கைகள் நிற்க மறந்தது ஒரு விஜயதசமியன்று காலை ஆறு மணிக்கு, மில்லின் சங்கு ஊதி அடங்கிய அந்த நொடியில்தான் என்பதை ஊரார் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். எதனால் என்று கேட்டால் ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு பொருந்துவதில்லை, ஆகவே அதைப் பற்றி அங்கே யாரும் நீண்ட நேரம் பேசுவதுமில்லை.

மில்லுக்கு ஐம்பதாம் ஆண்டு வந்தது. நூற்புப் பகுதியின் வெளிச்சுவரில், பேருந்து நிறுத்தத்துக்கு நேர் எதிரே, அறுபதடி நீளத்துக்குப் படம் எழுதுவதற்காகச் சென்னையிலிருந்து தமயந்தி என்னும் ஓவியரை வரவழைத்தார்கள். அவர் பதினொரு நாள் மில்லுக்குள் நின்று பார்த்தார். பிறகு முப்பது நாள் சாரத்தின்மேல் நின்று எழுதினார். அளவுகோலும் கவராயமும் இல்லாமல் அவர் ஒரு கோடும் இழுக்கவில்லை. நீண்ட நேர்கோடு வேண்டியபோதெல்லாம் மில் நூலை நீலப்பொடியில் புரட்டி, இரண்டு முனைகளையும் முதல் ஷிப்டுப் பெண்கள் இருவர் பிடித்துக்கொள்ள, நடுவில் சுண்டிவிட்டுச் சுவரில் கோடு விழச் செய்தார். எழுதி முடிந்தபோது சுவரில் எட்டுப் பெண்கள் இருந்தார்கள். தலைகள் வட்டங்கள், உடல்கள் சரிவகங்கள், சேலைகள் தலைகீழ் முக்கோணங்கள். கைகளோ ஒவ்வொருத்திக்கும் ஐந்தாறு, விரித்த விசிறியின் மடிப்புகளைப் போல, அறுந்த இழையை எட்டி எடுத்துத் திருகி ஒட்டித் திரும்பும் அசைவின் ஒவ்வொரு நிலைக்கும் ஒன்றாக. அவர்களுக்குப் பின்னால் உருளைகளும் பற்சக்கரங்களும் வரிசை வரிசையாக நூல் சுற்றும் கதிர்களும் நின்றன. மேலே, கூரையிலிருந்து மூன்று மஞ்சள் முக்கோணங்கள் இறங்கின. அவை விளக்கின் வெளிச்சம். அந்த மஞ்சளுக்காக மட்டும் தமயந்தி நான்கு நாள் சாயம் கலக்கினார் என்று சொல்வார்கள்.

"மூஞ்சி எங்கீங்க படக்காரம்மா?" என்று பழனாத்தாள் கீழேயிருந்து கேட்டாள். எதையும் கேட்காமல் விடும் வழக்கம் அவளுக்கில்லை.

"முகம் வைத்தால் அது ஒருத்தி ஆகிவிடும். இது எல்லோரும்."

"எல்லாருமாமா! அப்பறம் ஏனுங்க அந்தக் கடேசியில நிக்கிறவளுக்கு எம்பட இடுப்பை வெச்சிருக்கறீங்க?"

முகமில்லாவிட்டாலும் எட்டுப் பேரும் தங்களைத் தாங்களே கண்டுகொண்டார்கள். மயிலாத்தாளுக்கு மூன்றாவது உருவம். இருபது வருடம் ஒரே பக்கமாகக் குனிந்து இழை ஒட்டியதில் இறங்கிப்போன அவளுடைய இடது தோள், சுவரில் ஒரு சாய்ந்த கோடாக, அரை விரற்கடை கூடப் பிசகாமல் இருந்தது.

அடுத்து ஆயுத பூசை வந்தது. அன்று மில்லில் ஒரு சக்கரமும் சுற்றாது. இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொரிகடலை படைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பொட்டு வைத்த கருவி அன்று ஓய்ந்திருக்க வேண்டும், மறுநாள் ஓடியே தீரவேண்டும் என்பது அந்த ஊரில் எழுதாத சட்டம். உள்ளே வைத்து முடித்த பின்னும் ஒரு கிண்ணம் சந்தனம் மிஞ்சியது. சுவரில் இருப்பதும் மிசின்தானே, அதை மட்டும் விட்டுவிட்டால் முறையாகுமா என்று பெண்கள் வெளியே வந்து, எழுதிய சக்கரங்களுக்கும் கதிர்களுக்கும் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தார்கள். அப்போதும் சந்தனம் மிஞ்சியது. "கையும் ஆயுதந்தானக்கா," என்று பழனாத்தாள் சொன்னாள். இயந்திரத்துக்குப் பொட்டு வைப்பார்களே தவிர, அதை ஓட்டுகிறவளின் கைக்கு வைக்கிற வழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனாலும் எழுதிய கை எழுதிய மிசினோடு சேர்த்தி என்று நினைத்து, எட்டி எட்டி, நாற்பத்திரண்டு கைகளுக்கும் வைத்து முடித்தார்கள்.

மறுநாள் காலை சங்கு ஊதியது. எட்டுப் பேரின் கைகளும் எழுந்தன. எட்டு மணி நேரம் கழித்து மறுபடியும் சங்கு ஊதியபோது கால்கள் வாசலை நோக்கிக் கிளம்பின, கைகள் கிளம்பவில்லை. எட்டி, எடுத்து, திருகி, ஒட்டி, திரும்பி, காற்றில் இல்லாத இழையை மறுபடியும் எட்டியபடி எட்டுப் பெண்கள் பேருந்து நிறுத்தத்தில் வரிசையாக நின்றார்கள்.

முதல் மூன்று நாள் ஊர் பயந்தது. பூசாரி திருநீறு போட்டார். மருத்துவர் ஊசி போட்டார். ஆடுகிற கையில் நரம்பைத் தேடிப்பிடித்த அவருடைய திறமையை மட்டும் ஊர் மெச்சியது. துண்டால் கட்டிப்போட்டால் கைகள் அந்தத் துண்டை இழை இழையாகப் பிரித்து மறுபடியும் ஒட்டின. நான்காம் நாள் பயம் குறைந்தது, பத்தாம் நாள் பழகிவிட்டது, தீபாவளிக்குள் ஊரே அதற்கேற்பத் தன்னை அடுக்கி வைத்துக்கொண்டது. நடத்துநர் பயணச்சீட்டைக் கிழித்து அவர்களுடைய கொண்டையில் செருகினார். கல்யாண வீட்டார் சின்ன வெங்காயம் உரிக்க முறைவைத்து அழைத்தார்கள். பூக்கடைக்காரர் கதம்பத்தையும் நாரையும் அவர்கள் முன்னால் வைத்துவிட்டுத் தேநீர் குடித்து வருவதற்குள் ஏழு முழம் முடிந்திருந்தது. தொட்டில் கயிற்றை மணிக்கட்டில் கட்டிவிட்டுத் தெருவிலுள்ள இளந்தாய்மார்கள் நிம்மதியாகக் கண்ணயர்ந்தார்கள். புதுச் சேலை எடுத்தால் முந்தானை ஒரே நாளில் பிரிந்துவிடும் என்பதால் எட்டுப் பேரும் அந்தத் தீபாவளிக்குப் பழஞ்சேலையே உடுத்தினார்கள். பழனாத்தாளின் மாமியார் மட்டும் வெளிப்படையாக மகிழ்ந்தாள். "இத்தனை வருசத்துல இப்பத்தான் எம் மருமக கை வேலை செய்யறதைக் கண்ணால பாக்கறேன்," என்று அவள் சொல்ல, "சித்த பக்கத்துல வாங்கத்தை, உங்க காதையும் சேத்து ஒட்டி உடறேன்," என்று பழனாத்தாள் பதில் கொடுத்தாள்.

மில்லின் மேலாளர் சச்சிதானந்தத்துக்கு இதில் வியப்பு ஏதுமில்லை. பன்னிரண்டாம் நாள் எட்டுப் பேரையும் அழைத்து, மோர் வரவழைத்து, அதை அவர்கள் குடிக்க முடியாமல் தம்ளர்கள் தட்டிவிடப்படுவதைப் பொறுமையாகப் பார்த்திருந்துவிட்டு, "ஏம்மா, கை எப்படியும் ஆடத்தான் போகுது. வீட்டுல ஆடி யாருக்குப் பிரயோசனம்? இங்கேயே இன்னும் நாலு மணி நேரம் ஆடட்டுமே," என்றார். அப்படித்தான் ஷிப்டு பன்னிரண்டு மணி நேரமானது.

இவையெல்லாம் ஊருக்கு நேர்ந்தவை. மயிலாத்தாளுக்கு நேர்ந்தது வேறு.

நூற்புப் பகுதியின் இரைச்சலில் வாயால் பேசினால் பக்கத்தில் நிற்பவளுக்கும் கேட்காது. ஆகையால் அங்கே பெண்கள் கையால் பேசுவார்கள்: தோளில் இரண்டு விரல் தட்டினால் மேஸ்திரி வருகிறார், நெற்றியில் சுண்டினால் தலைவலி, உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தினால் நிறுத்து. மயிலாத்தாளின் கணவன் நாச்சிமுத்து விசைத்தறிக் கொட்டகையில் பதினெட்டு வருடம் நின்றவன். தறிச்சத்தம் அவனுடைய காதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு, ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை மொத்தமாக மூடிவிட்டது. அன்றிலிருந்து இருவருக்கும் இடையே மில்லின் கைப்பேச்சுத்தான். மில்லில் முப்பது சைகைகள் இருந்தன. இந்த வீட்டில் அவை வளர்ந்து முந்நூறாயின. அவனுக்குக் குரல் இருந்தது, ஆனால் தன் குரல் தனக்குக் கேட்காததால் அவன் உப்பில்லை என்று சொன்னால் நான்கு வீடு தள்ளி உப்பு எடுத்து வைப்பார்கள். ஆகவே உரக்கச் சொல்லத்தக்கதை வாயாலும், மற்றதையெல்லாம் கையாலும் அவர்கள் பேசினார்கள். பிள்ளையில்லாத வீட்டில் இரவு உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் நான்கு கைகளும் ஓயாமல் பேசுவதைச் சுவரில் விழும் நிழலாகத் தெருவே கண்டிருக்கிறது.

விஜயதசமியிலிருந்து அந்தச் சுவரில் இரண்டு கைகள் ஒரே சொல்லில்லாத அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தன. நாச்சிமுத்து அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினான், தலை வாரிவிட்டான், அவளுடைய கை விரல்களுக்கு எண்ணெய் தடவினான், எண்ணெய் தடவும்போதே அவை அவனுடைய பனியனின் ஓரத்தைப் பிரித்தன. அவள் உதட்டை அசைத்துப் பேசிப் பார்த்தாள். பாதி அவனுக்குப் புரிந்தது, மீதிப் பாதி அவனைக் கோபப்படுத்தியது.

"கடைக்காரன் பேசற மாதிரி வாயைக் காட்டாதே," என்று அவன் கத்தினான். தெரு முழுக்கக் கேட்டது. "தறி எங்காதைத் தின்னுச்சு. இப்ப மில்லு உன்ர கையைத் தின்னுபோட்டுது. நான் யாருகிட்டப் பேசறது? சொவுத்துக்கிட்டயா?"

கார்த்திகை பிறந்தபோது காங்கேயத்திலிருந்து அவனுடைய அண்ணனிடமிருந்து ஆள் வந்தது: தோட்டத்தில் மாடு பார்க்க ஒருவர் வேண்டும், மாட்டுக்குக் காது கேட்கிறவன்தான் வேண்டுமென்பதில்லை. நாச்சிமுத்து இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் அவளெதிரே உட்கார்ந்து, கையால், மெல்ல, ஒவ்வொரு சைகையாகக் கேட்டான்: நான் போகட்டுமா?

"வேண்டாமுங்க. போகாதீங்க," என்றாள் மயிலாத்தாள்.

"வேண்டாம்னு சொல்லுது நாச்சிமுத்து!" என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "போக வேண்டாமாமா!" என்று எதிர் வீடும் சேர்ந்துகொண்டது. கேட்க வேண்டியவனைத் தவிர அனைவருக்கும் கேட்டது.

அவளுடைய உதட்டை அவன் படித்துவிட்டான் என்பது அவன் கண்ணில் தெரிந்தது. படித்த பிறகும் அவன் தலையை ஆட்டினான். "கையில சொல்லு," என்றான். "வாயில சொன்னா அது பாவம் பாத்துச் சொல்றது. நீ கையில ஒரு வார்த்தை சொன்னீன்னா எங்கயும் போகமாட்டேன். தீபத்தன்னிக்குக் காலையில ஒம்போதே முக்கால் வண்டி. அதுவரைக்கும் பாக்கறேன்."

தீபத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

முதலில் சிந்தாமணியின் வழியை மயிலாத்தாள் நினைத்துப் பார்த்தாள். இரண்டாவது உருவம் சிந்தாமணியுடையது. அவளுடைய கணவன் ஒருநாள் பொறுமையிழந்து, சுவரிலிருந்த அவளுடைய வலது கைகள் மூன்றையும் சுண்ணாம்படித்து மறைத்துவிட்டான். அந்தக் கணமே சிந்தாமணியின் வலது கை நின்றது. நின்றதோடு தொங்கியது, கிள்ளினாலும் சுட்டாலும் தெரியாத விறகாகத் தோளில் கிடந்தது. மூன்றாம் நாள் அவனே தேங்காய் நாரால் சுண்ணாம்பைத் தேய்த்தெடுத்து, கை மறுபடியும் இழை ஒட்டத் தொடங்கியதைப் பார்த்து, சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதான். ஆகவே அழிப்பதற்கில்லை.

வழி காட்டியது மின்வெட்டு. ஆறாம் நாள் பிற்பகல் மின்சாரம் போனது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. பகுதி முழுவதும் இருண்டு, கதிர்கள் முனகிக்கொண்டே நின்றன. மற்ற பெண்கள் வழக்கம்போல ஃபிரேமில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினார்கள். மின்வெட்டுத்தான் அந்த மில்லில் உட்காருவதற்கான ஒரே நேரம். இந்த எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள், ஆனால் இருட்டில் பதினாறு கைகள் நின்றுபோன இயந்திரத்துக்கு இழை ஒட்டிக்கொண்டே இருந்தன.

"இங்க கரண்ட்டுப் போயி நமக்கென்னக்கா?" என்றாள் பழனாத்தாள். "நம்ம மிசினு வெளிய சொவுத்துல ஓடுது. அங்கயல்ல கரண்ட்டுப் போகோணும்."

மயிலாத்தாள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாசல் வழியே வெளியே நடந்து, சுவரின் எதிரே நின்று, கூரையிலிருந்து இறங்கும் அந்த மூன்று மஞ்சள் முக்கோணங்களை முதன்முறையாக நீண்ட நேரம் பார்த்தாள்.

தமயந்திக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அவர் தீபத்துக்கு முந்தைய நாள் காலை வந்து சேர்ந்தார். தேநீர்கூடக் குடிக்காமல் சுவருக்குப் போய், வெயிலில் எங்கேனும் நிறம் மங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெண்களிடம் வந்தார். அவர்களுடைய கைகளைப் பார்த்தார். பார்த்தபடியே அவருடைய விரல்கள் பையிலிருந்து வரைதாளையும் பென்சிலையும் எடுத்துவிட்டன. பழனாத்தாள் பாய்ந்து, நிற்காத கையால் அந்தத் தாளை எட்டிப் பிடித்து நான்காகக் கிழித்தாள்.

"இன்னொருக்கா வரைஞ்சீங்கன்னா காலும் நிக்காது அம்மிணி!"

"மன்னிக்கணும்," என்றார் தமயந்தி. உண்மையாகவே அவருக்கு முகம் சிவந்தது.

மயிலாத்தாள் கேட்டாள்: "பதினோரு நாளு எங்ககூடவே நின்னீங்க. நாங்க ஒருக்காக்கூடச் சும்மா இருந்து நீங்க பாக்கலீங்களா? காலை நீட்டி உக்காந்து? கையை மடியில போட்டுக்கிட்டு?"

தமயந்தி யோசித்தார். அவர் எதையும் துல்லியமாக நினைவில் வைத்திருப்பவர். "இல்லை. ஒரு தடவையும் இல்லை."

"எப்படிப் பாத்திருப்பாங்க?" என்றாள் சிந்தாமணி. "அந்தப் பதினோரு நாளும் மேனேஜரு ஜெனரேட்டரை நிறுத்தவே உடலியே. மெட்ராசுலருந்து வந்தவிய மில்லு நிக்கறதைப் பாக்கக் கூடாதுன்னு."

அப்படியானால் சுவரிலிருக்கும் அந்த மூன்று விளக்கையும் அணைத்துத் தாருங்கள், அங்கே மின்வெட்டானால் கை ஓயும் என்றாள் மயிலாத்தாள். விளக்கை அணைக்க முடியும் என்றார் தமயந்தி. ஆனால் மஞ்சள் போனால் அதை நம்பி நிற்கும் சிவப்பு துருவாகும், நீலம் சேறாகும், அறுபதடியையும் முதலிலிருந்து எழுத வேண்டும், அதற்குக் குறைந்தது மூன்று வாரமாகும், அரைகுறையாகச் செய்து தன் பெயரை அதன்கீழ் விட்டுவைக்கத் தன்னால் இயலாது என்றார். சச்சிதானந்தம் அங்கே வந்து, ஆண்டு விழா முடியும்வரை சுவரில் ஒரு புள்ளி மாறினாலும் காவல் நிலையம் போவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். விழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

மூன்று வாரம் என்ற சொல் மயிலாத்தாளுக்கு ஒன்பதே முக்கால் என்றே கேட்டது.

தீபத்தன்று விடிந்ததும் எட்டுப் பேரும் சாரம் கட்டினார்கள். கட்டினார்கள் என்றால், மற்ற ஏழு பேரின் கணவன்மார்களும் சிந்தாமணியின் மாமனாரும் கட்ட, இவர்கள் கீழே நின்று கைகளை ஆட்டினார்கள். பழனாத்தாள் வீட்டு அடுப்புக் கரியை இடிக்கச் சொல்லி ஒரு பக்கெட்டில் கரைத்து வாங்கியிருந்தாள். தூரிகையைப் பிடிக்க அந்தக் கைகளால் முடியாது. ஆனால் எட்டி எடுத்துத் திருகி ஒட்டத் தெரியும். ஆகவே ஆண்கள் அவர்களைத் தாங்கிச் சாரத்தில் ஏற்றிவிட்டு, பஞ்சைக் கரியில் நனைத்து ஆளுக்கொரு குவியலாகப் பலகைமேல் வைத்தார்கள். கை பஞ்சை எட்டியது, எடுத்தது, சுவரில் திருகி ஒட்டியது, திரும்பியது. ஒரு விரலளவு மஞ்சள் மறைந்தது. முப்பத்துநான்கு நாளாகக் காற்றை ஒட்டிக்கொண்டிருந்த பதினாறு கைகளும் முதல் முக்கோணத்தின்மேல் மழைத்தூறல்போல விழத் தொடங்கின.

எட்டு மணிக்கு விடுதியிலிருந்து ஓடிவந்த தமயந்தி, "தொடாதீங்க! இறங்குங்க!" என்று கத்தினார்.

யாரும் இறங்கவில்லை. அவர் ஏணியைப் பிடித்து மேலே ஏறினார். ஏறியவர் சுவரில் ஒட்டிய கறையைக் கிட்டத்தில் பார்த்தார். கோபம் இடம் மாறியது.

"யார் இதைக் கலந்தது? வெறும் கரியா? மஞ்சள்மேல் கரி போட்டால் பச்சைதானே தெரியும்! பாசி பிடித்த மாதிரி இருக்கிறதே. இதுவா மின்வெட்டு?"

"பின்னென்னங்க போடறது?" என்றாள் பழனாத்தாள், கை நிற்காமல்.

"ஊதா வேண்டும். மஞ்சளை ஊதாதான் அடக்கும். துணிக்குப் போடும் நீலம் இருக்கிறதா? காவி? கொண்டுவரச் சொல்லுங்கள், சீக்கிரம். பாதிப் பாதி இல்லை, நீலம் மூன்று பங்கு."

இப்படித்தான் தமயந்தி, தன் ஆயுளில் முதன்முறையாக அளவுகோல் இல்லாமல், பக்கெட்டுக்குள் முழங்கைவரை கையை விட்டுக் கலக்கிக்கொண்டு, தான் நான்கு நாள் உழைத்துச் செய்த மஞ்சளைத் தானே மூடுவதற்கு நின்றார். ஓரம் பிசகும்போதெல்லாம் அவருக்கு உடல் துடித்தது; "கோட்டுக்கு வெளியே போகாதீர்கள், கோட்டுக்கு வெளியே போகாதீர்கள்," என்று அவர் முனகியதைப் பெண்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒன்பது மணிக்கு முதல் முக்கோணம் அணைந்தது. மயிலாத்தாளின் சுண்டுவிரல் நின்றது. ஒன்பதே காலுக்கு இரண்டாவது அணைந்தது; மோதிரவிரலும் நின்றது, ஆனால் மீதி விரல்கள் முன்னைவிட விசையாக ஆடின. சாலைக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்து வந்து நின்றான். கையில் ஒரு தகரப் பெட்டி. அவனுக்குச் சுவரில் நடப்பது தெரிந்தது, எதற்காக நடக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. பண்டிகைக்குச் சுவரைச் சாயமடிக்கிறார்கள் என்று நினைத்திருக்கலாம். அவன் சுவரைப் பார்க்கவில்லை, மயிலாத்தாளின் கைகளைப் பார்த்தான். அவை ஆடிக்கொண்டிருந்தன. அவன் பேருந்து வரும் திசைக்குத் திரும்பிக்கொண்டான்.

"மேல! மேல் மூலையில மஞ்ச தெரியுது!" என்று கீழேயிருந்து ஊர் கத்தியது. அதற்குள் ஊரே அங்கே கூடியிருந்தது. பூக்கடைக்காரர் கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்திருந்தார். சச்சிதானந்தம் காரிலிருந்து இறங்கிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "ஏணியை எடுங்கடா!" என்றார். ஏணியின் அடியில் பழனாத்தாளின் மாமியார் உட்கார்ந்திருந்தாள். "என்னையத் தூக்கிப் போட்டுட்டு எடுங்க சாமி," என்றாள்.

ஒன்பது நாற்பதுக்குப் பேருந்து வளைவில் திரும்பியது. மூன்றாவது முக்கோணத்தின் உச்சியில் உள்ளங்கையளவு மஞ்சள் மிச்சமிருந்தது. எட்டுப் பேரின் கையும் அங்கே எட்டவில்லை, உயரமானவள் தமயந்திதான். அவர் பஞ்சை வாங்கினார். ஒரு மூச்சளவு நேரம் அவர் கை அந்த மஞ்சளின் முன்னால் நின்றது. பிறகு ஒட்டினார்.

பதினாறு கைகளும் விழுந்தன. நனைத்துக் கொடியில் போட்ட துணிகளைப் போலத் தொங்கின. சாரத்தின்மேல் எட்டுப் பெண்களும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள். கைகளை மடியில் வைத்து, அவை அங்கேயே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிந்தாமணி மட்டும் ஒரு விரலைத் தூக்கி, இறக்கி, மறுபடியும் தூக்கிப் பார்த்தாள்.

மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தது ஒரு நொடி. எப்படி இறங்கினாள் என்பதை அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. சாலையை அவள் கடந்தபோது நாச்சிமுத்து பெட்டியைப் பேருந்துக்குள் ஏற்றிவிட்டு, ஒரு காலைப் படியில் வைத்திருந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பினான், அவளுடைய கை தன் சட்டையைப் பிரிக்காமல் பிடித்திருப்பதைப் பார்த்து, படியிலிருந்த காலைக் கீழே வைத்தான்.

அவள் கைகளைத் தூக்கினாள். முப்பத்துநான்கு நாளாக ஒரே ஒரு வார்த்தையைத்தான் அவள் சேர்த்து வைத்திருந்தாள்: உள்ளங்கைமேல் உள்ளங்கை வைத்து ஒரே அழுத்து, மில்லில் அது நிறுத்து, வீட்டில் இரு. ஆனால் உயர்ந்த அந்தக் கைகள் வேறொன்றைத் தொடங்கின. நேற்றுச் சோறு ஊட்டும்போது முகத்தை ஏன் அப்படி வைத்துக்கொண்டாய்? என்னை விட்டுவிட்டு மாட்டோடு போய்ப் பேசுவாயா? என் கை ஆடுவது என் விருப்பமா? உன் காது போனபோது நான் எங்கே போனேன்? எந்த ஊருக்குப் போனேன், சொல். நிற்காதே, சொல்.

நாச்சிமுத்துவின் கைகளும் எழுந்தன. ஊட்டியது யார், நீயா? தலை வாரியது யார்? வீட்டுக்குள் ஒரு சுவரோடு முப்பத்துநான்கு நாள் இருந்து பார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டேன்.

கொடுக்க முடிந்தால் கொடுத்திருக்க மாட்டேனா, மடையா?

யாரை மடையன் என்றாய்?

நடத்துநர் விசில் ஊதினார். "ஏனுங்க, ஏறறீங்களா இல்லீங்களா?" நான்கு கைகளும் ஒன்றையொன்று வெட்டி, மறித்து, முந்திக்கொண்டு பறந்தன, நடத்துநர் அவற்றுக்கிடையே தலையை நீட்டி, மூக்கில் ஒரு இடி வாங்கிக்கொண்டு தலையை உள்ளே இழுத்தார். ஊர் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தது. அந்தப் பேச்சில் பாதிக்குமேல் யாருக்கும் புரியவில்லை, புரிந்த பாதியைப் பழனாத்தாள் சாரத்தின்மேலிருந்து உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். சச்சிதானந்தம் தமயந்தியிடம், வழக்குப் போடப் போகிறேன் என்றார். தமயந்தி சுவரைப் பார்த்துக்கொண்டு, இடதுபுறச் சிவப்பு இப்போது தாங்காது, அதையும் மாற்றித்தான் ஆகவேண்டும் என்று பதில் சொன்னார்.

பேருந்து மறுபடியும் ஒருமுறை ஒலியெழுப்பிவிட்டுக் கிளம்பியது. போக வேண்டாம் என்ற சொல்லை மயிலாத்தாள் கடைசிவரை சொல்லவில்லை. அவள் போன வருடம் ஆடியில் நடந்த ஒரு விஷயத்துக்கு அப்போதுதான் வந்திருந்தாள், நாச்சிமுத்து அதை அடியோடு மறுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய தகரப் பெட்டி மட்டும் ஜன்னலோர இருக்கையில் அமர்ந்து, தனியாகக் காங்கேயம் போய்ச் சேர்ந்தது.